அவள் நீட்டாத கால்

என் தொழில் என்னவென்று தெரிந்ததும் ஆட்கள் முதலில் செய்கிற காரியம், கழுத்தை என் பக்கம் சாய்ப்பது. கல்யாண வீட்டுப் பந்தியில் இலை போட்டு உட்கார்ந்திருப்பேன். பக்கத்தில் இருப்பவர் பேச்சுவாக்கில், "அண்ணாச்சிக்கு எங்கன வேலை?" என்பார். மசாஜ் செய்கிறேன் என்று சொல்லி வாய் மூடுவதற்குள், "இங்கன ஒரு பிடிப்பு பாத்துக்கிடுங்க, திரும்பவே மாட்டேங்கு" என்று தோளைக் காட்டிவிடுவார். சாம்பார் வருவதற்குள் ஒரு அமுக்கு அமுக்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் தலைக்கனம் பிடித்தவன் என்று பேராகிவிடும். இன்னும் சிலர் இருக்கிறார்கள். மசாஜ் என்றதும் நமட்டுச் சிரிப்பு சிரித்துவிட்டுப் பேச்சை மாற்றுவார்கள். இந்த இரண்டாவது வகையைப் பார்த்தால் எனக்கு இன்றும் பற்றிக்கொண்டு வரும்.

வராதா பின்னே? இந்தக் கையை வைத்து எத்தனை வகை வேலை கற்றிருக்கிறேன். தொடக்கம் குற்றாலம். சீசனில் அருவிக்குப் போகிற வழியில், இடுப்பில் துண்டும் கையில் எண்ணெய்ப் பாட்டிலுமாக ஆள் பிடிக்க நிற்பார்களே, அவர்களில் ஒருவனாகச் சில வருஷம் நின்றேன். அங்கே வேலையில் பாதி சத்தம்தான். முதுகில் படபடவென்று தட்ட வேண்டும். தட்டுகிற சத்தம் கேட்டால்தான் அடுத்த ஆள் வந்து படுப்பான். உச்சியிலிருந்து உள்ளங்கால் வரை எண்ணெய் வழிய வழியத் தேய்த்து, அப்படியே அருவிக்குள் தள்ளிவிடுவோம். குளித்துவிட்டு வருகிறவன் கண் சிவந்து, பசி எடுத்து, நாலு பரோட்டாவை ஒரே மூச்சில் தின்றுவிட்டு வேனில் ஏறித் தூங்குவான். அதை வைத்தியம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த ஒரு நாள் தூக்கத்துக்காகவே வருஷா வருஷம் என்னைத் தேடி வந்தவர்கள் உண்டு.

சீசன் முடிந்தால் வயிற்றுக்கு என்ன செய்வது? செங்கோட்டை தாண்டி மலையாளப் பக்கம் போனேன். அங்கே ஒரு வைத்தியசாலையில் உழிச்சல் கற்றுக்கொண்டேன். நம் குற்றாலத்துத் தட்டலுக்கு நேர் எதிர். சத்தமே இருக்காது. எண்ணெயை இளஞ்சூடாக்கி, நீளநீளமாக, ஒரே வேகத்தில் இழுத்துவிட வேண்டும். நரம்புத் தளர்ச்சி, கைகால் மரத்துப்போதல், வயசான உடம்பின் வறட்சி இதற்கெல்லாம் அது நல்லது. மூட்டில் நீர் கோத்து நடக்க முடியாமல் வருகிறவர்களுக்கு, நொச்சி இலை, புளிய இலை எல்லாம் வதக்கித் துணியில் முடிந்து ஒத்தடம் கொடுப்போம். அதைக் கிழி என்பார்கள். எண்ணெயே இல்லாமல் பொடி போட்டுக் கீழிருந்து மேலாகத் தேய்ப்பதும் உண்டு, உடம்பு கனத்தவர்களுக்கு. தேய்க்கிறவன்தான் முதலில் இளைப்பான்.

இப்போது பல வருஷமாக வண்ணார்பேட்டையில் ஒரு சென்டரில் வேலை. முதலாளி வாசலில் பெரிய போர்டு வைத்து, ஸ்வீடிஷ், தாய், டீப் டிஷ்யூ, ரிஃப்ளெக்ஸாலஜி என்று வரிசையாக எழுதி வைத்திருக்கிறார். பேர்தான் பயமுறுத்தும். ஸ்வீடிஷ் என்பது மெதுவாக நீவிவிடுவது. தூக்கம் வராதவர்களுக்கும், காரணம் இல்லாமல் எரிந்து விழுகிறவர்களுக்கும் பொருத்தம். டீப் டிஷ்யூ என்றால் ஒரே இடத்தில் முடிச்சு விழுந்த சதையைத் தேடிப் பிடித்து, கட்டைவிரலும் முழங்கையும் கொண்டு அவிழ்ப்பது. தாய் மசாஜுக்குத் துணியைக்கூடக் கழற்ற வேண்டாம், எண்ணெயும் வேண்டாம். பாயில் படுக்க வைத்து, கையையும் காலையும் மடக்கி நீட்டி இழுத்துவிடுவோம். நாள் முழுக்கக் கம்ப்யூட்டர் முன்னால் கூனிக் கிடக்கிற பையன்கள் எழுந்து நிற்கும்போது ஒரு இஞ்சு உயரம் கூடினது போல நடப்பார்கள். ரிஃப்ளெக்ஸாலஜிக்குப் பாதத்தின் படம் ஒன்று சுவரில் தொங்குகிறது. கல்லீரலுக்கு ஒரு புள்ளி, கிட்னிக்கு ஒரு புள்ளி என்று அதில் போட்டிருக்கும். எனக்கு அதில் முழு நம்பிக்கை கிடையாது. ஆனால் பாதத்தை ஐந்து நிமிஷம் பிடித்துவிட்டால் எப்பேர்ப்பட்ட முரடனும் பேச ஆரம்பித்துவிடுவான் என்பது எனக்குத் தெரியும். கலெக்டர் ஆபீஸ் ஆளிலிருந்து நெல் வியாபாரி வரை என்னிடம் மனம் விட்டுப் பேசியதெல்லாம் கால் என் மடியில் இருந்தபோதுதான்.

நம்மூர் ஆட்களுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. வலித்தால்தான் வேலை நடக்கிறது என்று நம்புவார்கள். டவுணில் அல்வா கிண்டுகிற ஒரு அண்ணாச்சி மாதம் தவறாமல் வருவார். வலது தோள் இறுகிப்போய்க் கிடக்கும். நான் எண்ணெய் விட்டு மெதுவாக ஆரம்பித்ததுமே சத்தம் போடுவார்.

"என்னவே, பூனையத் தடவுத மாதிரி தடவிக்கிட்டு இருக்கீரு? நல்லா அமுக்கும்வே!"

"பைய போவோம் அண்ணாச்சி. சதை விட்டுக் குடுத்தாத்தான் அமுக்க முடியும்."

"நான் துட்டுக் குடுக்குதது அமுக்கத்தான்வே!"

அமுக்குவேன். வேறென்ன செய்ய? இந்தத் தொழிலில் முதலில் தேய்வது கட்டைவிரல். ஒருவரை அனுப்பிவிட்டுக் கையைக் கழுவித் துடைப்பதற்குள் அடுத்தவர் படுத்திருப்பார்.

இவ்வளவு நீளமாக என் பெருமையைச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. இத்தனை வகை தெரிந்த இந்தக் கை, ஒரே ஒரு ஆளின் காலைப் பிடித்ததில்லை. என் மனைவியின் காலை.

அவள் டவுணில் ஒரு ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் நிற்கிறாள். நிற்கிறாள் என்று நான் சொல்வது நிஜமாகவே நிற்பதை. காலையில் கடை திறந்ததிலிருந்து ஷட்டர் இறக்குகிற வரைக்கும். உட்கார ஸ்டூல் போட்டிருக்கிறார்கள். அதில் உட்காரவும், ஒரு கூட்டம் முகூர்த்தப் பட்டு கேட்டு உள்ளே வரவும் சரியாக இருக்கும். டவுண் பஸ்ஸில் ஏறினால் அங்கேயும் நின்றுகொண்டேதான் எங்கள் வீடு இருக்கிற பேட்டை வரை வருவாள். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது கெண்டைக்காலில் பச்சை நரம்பு சுருண்டு சுருண்டு தெரியும்.

கல்யாணமான புதிதில் ஒருநாள், அவள் சுவரில் சாய்ந்து காலை நீட்டியிருந்தபோது நான் இயல்பாகக் காலை எடுத்து மடியில் வைக்கப் போனேன். தேள் கொட்டியது போல இழுத்துக்கொண்டாள்.

"என்ன செய்யுதிய நீங்க? கட்டுன புருசன் பொண்டாட்டி காலத் தொடலாமா? பாவம்லா?"

"ஊர்ல உள்ளவன் காலெல்லாம் பிடிக்கேன். அது பாவம் இல்லையா?"

"அது ஒங்க தொழிலு. இது அப்படியா? போற எடத்துல நான்லா பதில் சொல்லணும்."

"கல்யாணத்தன்னைக்கு ஒங்காலத் தூக்கி அம்மியில வச்சு மெட்டி போட்டது யாரு? ஊரே பாத்துச்சே!"

"அது சடங்கு. பக்கத்துல ஐயர் இருந்தாரு."

"அப்ப ஐயரக் கூட்டிட்டு வந்துட்டுப் பிடிக்கட்டா?"

அவள் சிரித்துவிட்டாள். நானும் சிரித்தேன். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது என்று நினைத்தேன். முடியவில்லை. வருஷத்துக்கு வருஷம் அதே கேள்வி, அதே பதில், அதே சிரிப்பு. ஐயர் விஷயத்தை நான் ஆரம்பிக்கும் முன்பே அவள் சிரிக்கிற அளவுக்கு அது எங்கள் வீட்டில் பழகிப்போனது.

எனக்கு உள்ளே கோபம் இருந்தது. அதை மறைக்க மாட்டேன். பேர் தெரியாதவன், குளிக்காமல் வருகிறவன், நகம் வெட்டாதவன், எவனெவன் காலையோ மடியில் தூக்கி வைத்துக்கொள்கிறேன். என் வீட்டில் இரண்டு கால்கள் வலியோடு நடக்கின்றன, அதைத் தொட எனக்கு உத்தரவு இல்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம் அவள் கண் அயர்ந்திருக்கும்போது பைய பாதத்தில் கை வைத்துப் பார்த்திருக்கிறேன். தூக்கத்திலேயே காலைச் சேலைக்குள் சுருட்டிக்கொள்வாள்.

வலியை அவள் தன் வழியில் பார்த்துக்கொண்டாள். வாளியில் வெந்நீர் விட்டுக் கல்லுப்பு போட்டுக் காலை வைத்துக்கொள்வாள். தைலம் பூசுவாள். சுவரில் காலைத் தூக்கி வைத்துப் படுப்பாள். டிவி விளம்பரம் பார்த்து, அதிர்கிற மிஷின் ஒன்று வாங்கினாள். காலை உள்ளே விட்டதும் அது மாவு மில் போலச் சத்தம் போட்டது. நரம்பு சுருண்டவர்களுக்கு அந்த மிஷின் ஆகாது என்று சொல்லி நான் அதைப் பரணில் போட்டேன். எங்கள் சென்டரில் பெண்களுக்கு மசாஜ் செய்கிற அம்மாவிடம் ஒருநாள் கூட்டிப் போனேன். போய்விட்டு வந்து, "கூச்சமா இருக்கு, இனிமே என்னக் கூப்பிடாதிய" என்று சொல்லிவிட்டாள். என்னையும் விட மாட்டாள், இன்னொருத்தியையும் விட மாட்டாள். இவள் பிடிவாதத்துக்கு என் தொழிலே தோற்றுப்போகிறதே என்று அலுத்துக்கொண்டு விட்டுவிட்டேன்.

போன தீபாவளி வியாபாரம் ரொம்பக் கடுமை. கடையில் சாப்பிடக்கூட முறை வைத்துத்தான் அனுப்பினார்களாம். எங்கள் சென்டருக்கு அந்தச் சமயத்தில் ஆள் வராது, அந்தத் தடவை பண்டிகையை ஒட்டிச் சில நாள் பூட்டியே விட்டார்கள். நான் வீட்டில் சும்மா இருந்தேன். தீபாவளிக்கு மறுநாள் அவள் கடைக்கும் லீவு. பண்டிகைக்கு வெளியூரிலிருந்து வந்திருந்த எங்கள் மகனைக் காலையில் பஸ் ஏற்றிவிட்டு வந்து, இரண்டு பேரும் இட்லி சாப்பிட்டோம். அதன்பின் அவள் பாயில் உட்கார்ந்து, இடது காலை என் பக்கம் நீட்டினாள்.

"ஏங்க, இந்தக் கால் நேத்துலேருந்து ரொம்பக் கடுக்கு. கொஞ்சம் பிடிச்சு விடுதியளா?"

எனக்குக் காதில் விழுந்ததை நம்ப முடியவில்லை.

"என்னட்டி, இன்னைக்குப் பாவத்துக்கும் லீவா?"

"பேசாமப் பிடிங்க. பெறவு மனசு மாறிரும்."

அவ்வளவு சந்தோஷம் எனக்கு. அடுக்களைக்கு ஓடி நல்லெண்ணெயைச் சூடு பண்ணினேன். கையில் ஒரு சொட்டு விட்டுப் பதம் பார்த்தேன். எந்த வகையில் ஆரம்பிக்கலாம் என்று யோசித்தேன். உழிச்சல் முறையில் பாதத்திலிருந்து மேலே இழுத்துக்கொண்டு போய், கடைசியில் உள்ளங்காலை அழுத்தலாம், அப்படியே தூங்கிவிடுவாள் என்று கணக்குப் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். காலை எடுத்து மடியில் வைத்தேன். அவள் இழுத்துக்கொள்ளவில்லை.

கெண்டைக்காலில் கை வைத்ததும் சுட்டது. காய்ச்சல்காரன் நெற்றியைத் தொட்டது போலச் சுட்டது. வலது காலைத் தொட்டேன், அது சாதாரணமாக இருந்தது. மறுபடி இடது கால். வீங்கி, தோல் இழுத்துக் கட்டினது போல விறைத்து, லேசாகச் சிவந்திருந்தது. என் கை தானாக நின்றுவிட்டது. ஒரு கால் மட்டும் வீங்கி, சூடாக இருந்தால் அழுத்தவே கூடாது, உள்ளே ரத்தம் உறைந்து கட்டியாக இருக்கலாம், அழுத்தினால் அது கிளம்பி நெஞ்சுக்குப் போய்விடும். இந்த வேலைக்கு வருகிற யாருக்கும் ஆரம்பத்திலேயே சொல்லித் தருகிற விஷயம் இது. அந்த ஒரு நிமிஷம் அது எனக்குத் தெரியாமல் இருந்திருக்கக் கூடாதா என்று நினைத்தேன். அப்படி நினைத்ததற்காக என்மேல் எனக்கே பயம் வந்தது.

"என்ன, நிறுத்திட்டிய?"

"இத அழுத்தக் கூடாது. எந்திரி, ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

"கால் வலிக்கா ஆஸ்பத்திரி? நீங்க பிடிச்சா சரியாப் போயிரும்."

"நான் தொட மாட்டேன். கெளம்பு."

அவள் முகம் மாறியது. காலை மடியிலிருந்து அவளே எடுத்துக்கொண்டாள்.

"ஊரான் காலெல்லாம் பிடிப்பிய. இத்தன வருசத்துல ஒருவாட்டி கேட்டேன். அதுக்கு மாட்டேங்கிய."

ஆட்டோ கூப்பிட்டு, கிட்டத்தட்டச் சண்டை போட்டுத்தான் கூட்டிப் போனேன். ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். கெண்டைக்காலிலிருந்து முழங்காலுக்கு மேல் வரை பெரிய ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்திருந்தது. அப்படியே படுக்க வைத்து ஊசி போட ஆரம்பித்தார்கள். டாக்டரம்மா என்னைத் தனியே கூப்பிட்டு, "அழுத்தாமக் கூட்டிட்டு வந்தீங்களே, அது பெரிய காரியம். அழுத்தியிருந்தா என்ன வேணாலும் ஆகியிருக்கலாம்" என்றார். அவருக்குக் கும்பிடு போட்டேன். வெளியே வந்து வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தேன். விரல் இடுக்கில் நல்லெண்ணெய் இன்னும் பிசுபிசுத்தது.

பிழைத்துவிட்டாள். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டரம்மா எங்கள் இருவரையும் உட்கார வைத்துச் சொன்னார். மாத்திரையை விடக் கூடாது. தினமும் நடக்க வேண்டும். கெண்டைக்காலை இறுக்கிப் பிடிக்கிற ஸ்டாக்கிங்ஸ் போட வேண்டும். இரண்டு காலிலும் நரம்பு கெட்டுக் கிடக்கிறது, அதனால் இனிமேல் அமுக்குவது, தேய்ப்பது, மசாஜ் எதுவும் கூடாது. கடைசியாகச் சொன்னதை என்னைப் பார்த்துச் சொன்னார். நான் சரி என்றேன். ஊரில் எத்தனை வலிக்கு எத்தனை வகை வைத்திருக்கிறேன். அவள் காலுக்கு ஒரு வகையும் இல்லாமல் போய்விட்டது.

எல்லோரும் என்னைப் பாராட்டினார்கள். சென்டர் முதலாளி வருகிறவர்களிடமெல்லாம் இந்தக் கதையைச் சொல்கிறார். எனக்கு அதைக் கேட்கப் பிடிக்கவில்லை. அன்றைக்குச் செய்தது சரிதான், அதில் சந்தேகம் இல்லை. ஆனால் அதற்கு முந்தின அத்தனை வருஷம், கால் நன்றாக இருந்தபோது, தினமும் கொஞ்ச நேரம் நீவி விட்டிருந்தால்? நரம்பு சுருளாமல் இருந்திருக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. மசாஜ் அதையெல்லாம் தடுக்காது. ஆனால் வலி குறைந்திருக்கும். நாள் முழுக்க நின்ற கால், வீட்டில் ஒரு ஆள் மடியில் கொஞ்ச நேரம் கிடந்திருக்கும். அது போய்விட்டதே என்பதுதான் எனக்கு ஆறவில்லை. அவளுடைய பாவம் புண்ணியத்தை நினைத்து நினைத்துக் கசந்தேன்.

ஸ்டாக்கிங்ஸைப் படுக்கையை விட்டு எழும் முன்பே போட வேண்டும். அது லேசில் ஏறாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் கட்டிலில் உட்கார்ந்து அதை இழுத்து இழுத்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். நான் கிட்டே போய்க் கை நீட்டினேன். வழக்கம்போல் காலை இழுத்துக்கொண்டாள். எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு ஆத்திரம் வந்ததோ.

"இன்னுமா பாவம்? உசுரு போயிட்டு வந்திருக்கு. இன்னும் பாவம் பாத்துக்கிட்டு இருக்கியா நீ?"

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"பாவமா? அது ஒரு பேச்சுக்குச் சொன்னது."

"பேச்சுக்கா?"

"வீட்டுக்கு வரும்போது ஒங்க கைய நீங்க பாத்திருக்கியளா? வெரலு நீட்டவே மாட்டேங்கும். சோத்தப் பெசைய முடியாமக் கரண்டிய வச்சுச் சாப்பிடுவிய. சட்டப் பொத்தானக் கழட்ட முடியாம நின்னுக்கிட்டு இருப்பிய. அந்தக் கைகிட்டப் போயி எங்காலப் பிடிங்கன்னு எப்படிச் சொல்லுவேன்? ஒங்க கை வலிக்கும்னு சொன்னா, அதெல்லாம் இல்லன்னு சண்டைக்கு வருவிய. பாவம்னு சொன்னா சிரிச்சுக்கிட்டே விட்டுருவிய."

என் கையை விரித்துப் பார்த்தேன்.

"அப்ப அன்னைக்கு மட்டும் எதுக்குக் கேட்ட?"

"அன்னைக்குத்தான் நாலஞ்சு நாளா ஒங்களுக்கு வேலை இல்லையே. காலையில கையாலயே இட்லியப் பிச்சுத் தின்னிய. சரி, கை நல்லாருக்கு, இன்னைக்குக் கேப்போம்னு கேட்டேன்."

சொல்லிவிட்டு அவள் ஸ்டாக்கிங்ஸை என் பக்கம் தள்ளினாள். நான் வாங்கி மாட்டிவிட்டேன். தேய்க்கவில்லை, அழுத்தவில்லை, சுருக்கம் விழாமல் முழங்கால் வரை ஏற்றிவிட்டேன். ராத்திரிச் சோற்றுக்கு அவள் என் தட்டில் கரண்டி வைப்பதையும், நான் அதை எடுத்துச் சாப்பிடுவதையும் இத்தனை வருஷமாக நாங்கள் இரண்டு பேருமே பேசியதில்லை. ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், ஒரு நாளைக்கு ஒரு ஆளைக் குறைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்திருப்பேன்.